கல்லும் வர்ணமும்: மோட்டார் வண்டியின் மேனி காத்த வரலாறு

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம்மில் பெரும்பாலோர் அதன் எஞ்சினைப் பற்றிப் பேசுகிறோம். வேகத்தைப் பற்றிப் பேசுகிறோம். எவ்வளவு பெட்ரோல் குடிக்கிறது என்று கணக்குப் பார்க்கிறோம். அதன் மேனியைப் பற்றி நினைப்பவர் சிலரே. நெடுஞ்சாலையில் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய எந்த வண்டியின் முகப்பையும் சற்றுக் குனிந்து பாருங்கள். பானெட்டின் முன் விளிம்பிலும், விளக்குகளைச் சுற்றியும், சக்கரங்களுக்குப் பின்னாலுள்ள தகட்டின் கீழ்ப்பகுதியிலும் கடுகளவும் மிளகளவுமான வடுக்கள் தெரியும். சாலைக் கற்கள் தெறித்து ஏற்படுத்திய வடுக்கள் அவை. சிறியதோர் அழகுக் குறை என்று எண்ணி நாம் கடந்து போய்விடுகிறோம். ஆயின் அந்தக் கடுகளவு வடுவுக்குப் பின்னால் சாலையின் வரலாறு இருக்கிறது; வர்ணத்தின் வரலாறு இருக்கிறது; இரும்பின் வரலாறும் இருக்கிறது. இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவ்வடுவை எவ்வாறு தடுப்பது, வந்தபின் எவ்வாறு ஆற்றுவது என்பது விளங்கும்.

கல் வந்து வண்டியில் மோதுகிறது என்றே நாம் சொல்கிறோம். உண்மையில் பெரும்பாலும் வண்டிதான் கல்லின் மேல் சென்று மோதுகிறது. முன்னே செல்லும் வண்டியின் டயர் தரையில் உதிர்ந்து கிடக்கும் சரளைக் கல்லைத் தூக்கி விடுகிறது. கல் ஒரு கணம் அந்தரத்தில் நிற்க, பின்னால் விரைந்து வரும் வண்டி அதன் மேல் பாய்கிறது. மோதலின் வலிமை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது பௌதிக நூலின் பாலபாடம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது உள்ள தாக்குதல், 80 கிலோமீட்டர் வேகத்தில் இருமடங்கு ஆவதில்லை; நான்கு மடங்கு ஆகிறது. எதிர்ப்புறமாக வரும் வண்டி எறியும் கல்லாயின், இரு வண்டிகளின் வேகமும் அதனுடன் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே இது கல்லின் குற்றம் மட்டுமன்று, வேகத்தின் குற்றமுமாகும். வேகம் இல்லாத காலத்தில் இந்தத் தொல்லையும் இவ்வளவாக இல்லை.

முதலில் சாலையின் கதையைப் பார்ப்போம். 1816-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரச் சாலைகளுக்கு மேற்பார்வையாளராகப் பொறுப்பேற்றவர் ஜான் லௌடன் மக்காடம். பெரிய பாறைகளை அடியில் அடுக்கிச் சாலை போடும் வழக்கத்தை அவர் விட்டொழித்தார். சிறு சிறு துண்டுகளாக உடைத்த ஜல்லியை ஒரே சீராகப் பரப்பினாலே போதும் என்றார். எந்தக் கல்லும் ஆறு அவுன்சு எடைக்கு மேற்படலாகாது என்பது அவருடைய விதி. இந்த முறையில் ஓர் அழகு இருந்தது. குதிரை வண்டிகளின் இரும்புப் பட்டைச் சக்கரங்கள் மேலே உருள உருள, ஜல்லியின் முனைகள் நொறுங்கித் துகளாகும். அந்தத் துகள் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே இறங்கி, மழை நீருடன் சேர்ந்து, சாலையை இறுக்கிவிடும். வண்டி ஓட ஓடச் சாலை தேய்ந்தாலும், அந்தத் தேய்மானமே அதற்குப் பிடிப்பையும் தந்தது.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது ரப்பர்ச் சக்கரம். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றார். அதற்குப்பின் வந்த மோட்டார் வண்டி அந்த டயரின் மேல் விரைந்து ஓடிற்று. இரும்புச் சக்கரம் துகளை உண்டாக்கி உள்ளே அழுத்தியது. ரப்பர்ச் சக்கரமோ கல்லைப் பின்னோக்கி உந்தித் துகளை வெளியே வாரி எறிந்தது. துகள் புழுதியாகப் பறந்தது. பிடிப்பிழந்த கற்கள் உதிர்ந்தன. நூறாண்டு உழைத்த மக்காடம் சாலை, மோட்டாரின் முன் சில ஆண்டுகளிலேயே தோற்றது.

அன்றைய மக்கள் முறையிட்டது கல்லைப் பற்றியன்று, புழுதியைப் பற்றியே. 1902-இல் மொனாக்கோவில் குக்லியெல்மினெட்டி என்ற ஸ்விஸ் மருத்துவர் சாலையின் மேல் சூடான தாரைப் பூசிப் புழுதியை அடக்கிக் காட்டினார். மோட்டார் வண்டியைத் தாங்கக்கூடிய சாலையை எவ்வாறு அமைப்பது என்பதை ஆராய 1908-இல் பாரிஸ் நகரில் முதலாவது சர்வதேசச் சாலை மாநாடு கூடிற்று. தாரும் நிலக்கீலும் உலகச் சாலைகளை ஆளத் தொடங்கிய காலம் அது.

நம் நாட்டில் இம்மாற்றம் மெல்லவே நிகழ்ந்தது. 1927-இல் எம். ஆர். ஜயகர் தலைமையில் அமைந்த குழு, சாலைகளின் நிலையை ஆராய்ந்து மறு ஆண்டு அறிக்கை தந்தது. அதன் பயனாக 1929-இல் பெட்ரோல் வரியிலிருந்து மத்தியச் சாலை நிதி பிறந்தது. 1934-இல் இந்தியச் சாலைப் பேரவை தோன்றிற்று. 1943-இல் நாகபுரியில் கூடிய தலைமைப் பொறியாளர்கள் நாடு முழுவதற்குமான முதல் சாலைத் திட்டத்தை வகுத்தார்கள். 1952-இல் புது டில்லியில் மத்தியச் சாலை ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. இவ்வளவு நடந்தும், தண்ணீர் தெளித்து உருளை ஓட்டி இறுக்கிய ஜல்லிச் சாலைகளே பல்லாண்டுகள் நம் நாட்டில் மிகுந்திருந்தன. அவற்றுக்குத் தார் போடும்போதும் செலவைக் கருதி ஒரு சிக்கன முறை கையாளப்பட்டது. சூடான தாரைத் தெளித்து, அதன்மேல் பொடி ஜல்லியைத் தூவி, உருளையால் அழுத்துவார்கள். முறை நல்லதே. ஆனால், தாரில் ஒட்டாத மிகுதிக் கல்லைக் கூட்டி அகற்றாமல் போக்குவரத்தைத் திறந்துவிட்டால், அந்தச் சாலை சில நாட்களுக்குக் கல் எறியும் களமாகிவிடும். புதுச் சாலையில் போன வண்டி புது வடுக்களோடு திரும்புவதன் காரணம் இதுதான்.

இனி வர்ணத்தின் கதைக்கு வருவோம். முதல் மோட்டார் வண்டிகளுக்குக் குதிரை வண்டிகளின் வர்ணமே வாய்த்தது. ஆளி விதை எண்ணெயில் குழைத்த வர்ணத்தைத் தூரிகையால் பூசுவார்கள், உலர விடுவார்கள், தேய்த்து மட்டமாக்குவார்கள், மீண்டும் பூசுவார்கள். இறுதியில் வார்னிஷ் ஏற்றுவார்கள். ஒரு வண்டி வர்ணக் கூடத்தை விட்டு வெளிவர வாரக்கணக்கில் ஆகும். நிமிடத்துக்கு நிமிடம் வண்டி பிறக்கும் தொழிற்சாலைக்கு அந்தப் பொறுமை ஏது? 1914 முதல் 1925 வரை ஹென்றி போர்டு தம் ‘மாடல் டி’ வண்டியைக் கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்றார். மலிவும் உழைப்பும் அந்தக் கறுப்புப் பூச்சின் சிறப்புகள். அதன் உட்பொருள்களில் ஒன்று இயற்கை நிலக்கீல். பிற்காலத்தில் சாலையைக் கட்டிக் காத்த அதே இனப்பொருள், அன்று வண்டியின் மேனியையும் காத்தது என்பது சுவையான செய்தியன்றோ!

1923-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் ‘டூக்கோ’ என்ற புதுப் பூச்சைக் கொணர்ந்தது. ஓக்லண்ட் என்ற வண்டி நீல நிறத்தில் அதை முதலில் அணிந்து வந்தது. அதன் மூலப்பொருளான நைட்ரோசெல்லுலோஸ், புகையற்ற வெடிமருந்தின் நெருங்கிய உறவு. யுத்தம் முடிந்தபின் வெடிமருந்துத் தொழில் அமைதிக் காலத்துக்கு வழி தேடியபோது கிடைத்த பயன்களில் இதுவும் ஒன்று. தெளித்த சில நிமிடங்களில் உலர்ந்தது. வாரக்கணக்கான வேலை மணிக்கணக்கில் முடிந்தது. வண்ண வண்ண வண்டிகள் தெருவுக்கு வந்தன. ஆனால் விரைவுக்கு ஒரு விலை இருந்தது. நன்கு உலர்ந்த அந்தப் பூச்சு விறைப்பானது. கல் பட்டால் நெளிந்து கொடுக்காது, சில்லாகப் பெயரும். சற்று நெகிழ்வுள்ள எனாமல்களை ரசாயன அறிஞர்கள் பின்னர் உருவாக்கினார்கள். கடினமாக இருந்தால் பெயர்கிறது. மென்மையாக இருந்தால் கீறுகிறது. வர்ணத் தொழிலின் இந்தத் தர்மசங்கடம் இன்றளவும் முற்றிலும் நீங்கவில்லை.

வர்ணம் பெயர்ந்தால் என்ன கேடு என்று கேட்கலாம். வண்டியின் மேனி மரமாக இருந்தவரை கேடு குறைவே. 1910-களிலும் 1920-களிலும் மரத்தின் இடத்தை எஃகுத் தகடு பிடித்துக்கொண்டது. எஃகு உறுதியானது, ஆயினும் இயற்கையில் அது மண்ணில் கலந்த இரும்புக் கனியாகவே இருந்தது. உலையில் நெருப்பிட்டு அதைப் பிரித்தெடுத்தோம். ஈரமும் பிராணவாயுவும் கிடைத்தால் அது மீண்டும் பழைய நிலைக்கே திரும்ப முயல்கிறது. அந்தத் திரும்புதலுக்குத்தான் துரு என்று பெயர்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உலிக் எவன்ஸ் என்ற அறிஞர் 1920-களில் ஒரு துளி உப்பு நீரை இரும்பின் மேல் வைத்து ஆராய்ந்தார். துளியின் ஓரத்தில் பிராணவாயு மிகுதி, நடுவில் குறைவு. பிராணவாயு குறைந்த இடத்தில்தான் இரும்பு கரைகிறது என்பதை அவர் காட்டினார். ஒரு துளி நீரே சிறியதொரு மின்கலமாகிவிடுகிறது. கல் பெயர்த்த குழியிலும் இதே நாடகம் நடக்கிறது. ஈரம் குழியோடு நிற்பதில்லை. வர்ணத்தின் விளிம்புக்கு அடியில் ஊர்ந்து செல்கிறது. இரும்பைவிடத் துருவுக்கு அதிக இடம் வேண்டும். ஆகவே அது மேலுள்ள வர்ணத்தைக் கொப்புளம் போல் தூக்குகிறது. கொப்புளம் வெடித்தால் இன்னும் ஈரம் புகுகிறது. வெளியே கடுகளவாகத் தெரிவது உள்ளே காசளவாகப் பரவியிருக்கக் கூடும். கடற்கரை நகரங்களின் உப்புக் காற்று இதனை மேலும் விரைவுபடுத்துகிறது.

இங்கே நம் நாட்டின் பழம்பெருமை ஒன்றை நினைவுகூர்தல் பொருத்தமாகும். டில்லிக்கருகே மெஹ்ரௌலியில், குதுப் மினாரின் நிழலில், குப்தர் காலத்து இரும்புத் தூண் நிற்கிறது. ஏறக்குறைய 1,600 ஆண்டுகளாக வெயிலையும் மழையையும் தாங்கி நிற்கும் அது பெரிதும் துருப்பிடிக்கவில்லை. அதன் உடலில் பீரங்கிக் குண்டு தாக்கிய வடு ஒன்றும் இருக்கிறது. கல் தெறித்த வடுவுக்கு ஈடாக, இரும்பு தாங்கிய மாபெரும் வடு என்று அதனைச் சொல்லலாம். அவ்வடுவின் வழியாகத் துரு புகுந்து தூணைத் தின்றுவிடவில்லை. ஏன்? கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் இதனை விரிவாக ஆராய்ந்தார். கரி கொண்டு இரும்பை உருக்கிய நம் முன்னோர் முறையினால் அந்த இரும்பில் பாஸ்பரஸ் மிகுதியாகத் தங்கிவிட்டது. அந்தப் பாஸ்பரஸ், மழையும் வெயிலும் மாறி மாறிப் படப்பட, இரும்பின் மேற்பரப்பில் மெல்லியதொரு பாஸ்பேட் ஏட்டைப் படரச் செய்திருக்கிறது. காப்பு உள்ளிருந்தே பிறப்பதால், மேலே காயம் பட்டாலும் தோல் மறுபடி வளர்கிறது.

மோட்டார் வண்டியின் தகட்டுக்கு அந்த வரம் இல்லை. அதன் காப்பு வெளியிலிருந்து பூசியது. பெயர்ந்தால் தானாக வளராது. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால் பிற்கால முயற்சிகள் அனைத்தும் தெளிவாகும். 1906-இல் இங்கிலாந்தில் காஸ்லெட் என்பவர் இரும்பைப் பாஸ்பாரிக் அமிலக் கரைசலில் தோய்த்துப் பாஸ்பேட் ஏடு படியச் செய்யும் முறைக்கு உரிமை பெற்றார். தூணில் இயற்கையாக நிகழ்ந்ததற்கு உறவான ஒன்றைத் தொட்டியில் செய்தார்கள் எனலாம். அந்த ஏட்டின்மேல் வர்ணம் இறுகப் பிடித்தது; குழி விழுந்தாலும் துரு பக்கவாட்டில் ஊர்வது குறைந்தது.

1960-களின் தொடக்கத்தில் போர்டு நிறுவனத்தில் ஜார்ஜ் புரூவர் என்பவரின் முயற்சியால் மின்சார முறை வந்தது. வண்டியின் கூடு முழுவதையும் வர்ணத் தொட்டியில் அமிழ்த்தி மின்சாரம் செலுத்தினால், தூரிகையோ தெளிப்பானோ எட்டாத மூலை முடுக்குகளிலும் அடிப்பூச்சு ஒரே சீராகப் படியும். முதலில் கூட்டை நேர் மின்முனையாக வைத்தார்கள். அதில் இரும்பும் சிறிது கரைந்தது. 1970-களில் அதனை எதிர் மின்முனையாக மாற்றியதும் காப்பு மிகவும் வலுப்பெற்றது. துத்தநாகம் பூசிய தகடுகள் 1980-களில் பரவலாயின. கப்பலின் செம்புத் தகட்டைக் காக்க அதனுடன் துத்தநாகத் துண்டை இணைத்தால், துத்தநாகம் தான் கரைந்து செம்பைக் காக்கும் என்று 1824-லேயே ஹம்ப்ரி டேவி காட்டியிருந்தார். அந்தத் தியாகத்தையே இன்று காரின் தகட்டில் துத்தநாகம் செய்கிறது. கல் பட்டுக் குழி விழுந்தாலும், சுற்றிலுமுள்ள துத்தநாகம் முதலில் கரைந்து இரும்புக்குச் சிறிது அவகாசம் தருகிறது. அவகாசம்தான் தருகிறது, என்றென்றைக்குமான காப்பு அன்று.

இவ்வளவு அடுக்குகளும் சேர்ந்து எவ்வளவு கனம் இருக்கும்? ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஒரு தலைமயிரின் கனத்தைவிடச் சற்றே கூடுதல். அதற்குள் மின்பூச்சும், இடைப்பூச்சும், நிறப்பூச்சும், தெளிந்த மேற்பூச்சும் அடங்கிவிடுகின்றன. அமுக்கிய காற்றினால் சரளைக் கற்களைத் தகட்டின் மேல் வாரி எறிந்து, எத்தனை சில்லுகள், எவ்வளவு ஆழத்திற்குப் பெயர்ந்தன என்று எண்ணிப் பார்க்கும் சோதனை இயந்திரம் உண்டு. வண்டி நிறுவனங்கள் தம் வர்ணங்களை இவ்வாறு சோதிக்கின்றன. பெயராத வர்ணம் எது என்று அல்ல, குறைவாகப் பெயர்வது எது, உலோகம் தெரியாமல் மேலேயே நின்றுவிடுவது எது என்றுதான் அச்சோதனையில் பார்க்கிறார்கள். வெல்ல முடியாத எதிரியின் முன் இழப்பைக் குறைத்துக்கொள்ளும் விவேகம் அது.

இது செல்வர்களின் கவலை என்று எண்ணிவிடலாகாது. கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் 1957 முதல் 2014 வரை அம்பாசடர் வண்டி செய்யப்பட்டது. புது வண்டிக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் ஒன்று நம் நாட்டில் இருந்தது. வாங்கிய வண்டி தலைமுறை தாண்டி உழைக்க வேண்டும். பம்பாயின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகள் 2023-இல்தான் விடைபெற்றன. அவற்றை ஓட்டியவர்களுக்கு வண்டியின் தகடே மூலதனம். எஞ்சினைப் பிரித்துச் சீர்செய்யலாம். தரைத்தகடும் கதவடியும் துருவால் இற்றுவிட்டால் வண்டியின் ஆயுள் முடிந்தது. இன்றும் கடன் வாங்கிச் சிற்றுந்து ஓட்டிக் குடும்பம் காப்பவருக்கு, அலட்சியம் செய்த ஒரு வடு, விற்கும் நாளில் விலையைக் குறைக்கிறது. துரு தின்னும் இரும்பு ஒருவர் உடைமை மட்டுமன்று, நாட்டின் செல்வமுமாகும். சுதந்தரம் பெற்ற ஆரம்ப ஆண்டுகளிலேயே, 1953-இல், காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டதும், மண்டபம் கடற்கரையில் அது உலோக அரிப்பை ஆராய்ந்து வருவதும் இதனை நாடு உணர்ந்திருந்ததற்குச் சான்று.

தடுக்கும் வழி என்ன? வரலாறு காட்டும் முதல் வழி இடைவெளி. முன்னே செல்லும் வண்டி ஒரு மரத்தையோ மைல் கல்லையோ கடந்தபின், நிதானமாக மூன்று எண்ணி முடிக்கும் வரை நாம் அவ்விடத்தை அடையலாகாது. புதிதாக ஜல்லி தூவிய சாலையிலும், மண்ணும் கல்லும் ஏற்றிய லாரிக்குப் பின்னாலும் இதைவிட அதிக இடைவெளி வேண்டும். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் தாக்குதல் கால் பங்காகிவிடும் என்பதை மேலே கண்டோம். இச்சிக்கனத்துக்கு ஒரு காசும் செலவில்லை.

அடுத்தது பிறருக்குச் செய்யும் கடமை. லாரியின் இரட்டைச் சக்கரங்களுக்கு இடையே கல் சிக்கியிருந்தால் புறப்படுமுன் தட்டி எடுத்துவிட வேண்டும். வேகத்தில் அது எகிறினால் கண்ணாடியையே உடைக்கும். சக்கரத்தின் பின்னே ரப்பர்த் தடுப்புத் தொங்க வேண்டும்; ஜல்லிப் பாரத்தைத் தார்ப்பாயால் மூட வேண்டும். சாலை போடுவோர் மிகுதிக் கல்லைக் கூட்டி எடுத்து, வேகக் கட்டுப்பாட்டுப் பலகை வைக்க வேண்டும். மெழுகுப் பூச்சு பளபளப்புத் தருமேயன்றிக் கல்லைத் தடுக்காது. முகப்பில் ஒட்டும் பாலியுரேத்தேன் படலம் ஓரளவு தடுக்கும். 1960-களில் ஹெலிகாப்டர்களின் சுழலும் இறக்கைகளை மணலிலிருந்து காக்கத் தோன்றிய பொருளின் வழி வந்தது அது. விலை அதிகம், வசதியுள்ளவர் முகப்புக்கு மட்டுமேனும் ஒட்டிக்கொள்ளலாம்.

வடு விழுந்துவிட்டால் முதலில் அதன் ஆழத்தைப் பாருங்கள். குழியில் சாம்பல் நிற அடிப்பூச்சு தெரிந்தால் அவசரமில்லை. பளிச்சென்று உலோகமோ, பழுப்பு நிறத் துருவோ தெரிந்தால் அடுத்த மழைக்கு முன் கவனிக்க வேண்டும். இடத்தைச் சோப்பு நீரால் கழுவி, மெழுகும் எண்ணெய்ப் பிசுக்கும் போகத் துடைத்து, நன்கு உலர விடுங்கள். பிடிப்பிழந்த வர்ண விளிம்பை நீக்குங்கள். நுண்ணிய உப்புத்தாளை ஈரமாக்கி, துரு முற்றும் அகலும்வரை அந்த இடத்தை மட்டும் தேயுங்கள். பழைய வண்டிகளின் பூச்சில் ஈயம் கலந்திருக்கக் கூடும். உலர்ந்தபடி தேய்த்துத் தூசியைச் சுவாசிக்கலாகாது. பின்னர் உலோகத்துக்குரிய பிரைமரை மெல்லிய தூரிகை நுனியால் இடுங்கள். அது உலர்ந்தபின் நிறத்தையும், அது உலர்ந்தபின் தெளிபூச்சையும் மெல்லிய படலங்களாக ஏற்றுங்கள். ஒரே தடவையில் குழியை நிரப்பினால் அது சுருங்கி வெடிக்கும். துருவின் மேல் வர்ணம் பூசுவதோ, புண்ணை மூடிக் கட்டிவிட்டு மருந்திட மறப்பது போன்றது.

துரு பரவிவிட்டால் பட்டறையை நாடுவதே தகும். அங்கே தெளிப்பு வேலை செய்பவரின் நலத்தையும் நாம் எண்ண வேண்டும். இரு கலவைப் பாலியுரேத்தேன் வர்ணங்களிலுள்ள ஐசோசயனேட் என்னும் பொருள் ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. வெறும் கைக்குட்டை அதனைத் தடுக்காது. வெளியிலிருந்து தூய காற்றைத் தரும் முகமூடி வேண்டும். நம் வண்டியின் மேனி இன்னொருவர் நுரையீரலை விலையாகக் கொண்டு பளபளக்கலாகாது.

மக்காடத்தின் ஜல்லியிலிருந்து இன்றைய மின்பூச்சு வரை இரு நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. அறிஞர்கள் வர்ணத்தை வலுப்படுத்தினார்கள்; சாலைப் பொறியாளர்கள் கல்லைக் கட்டினார்கள். இருவரும் தத்தம் பங்கைச் செய்தும் கல் தெறிப்பது நிற்கவில்லை. முற்றிலும் நிற்கப் போவதுமில்லை. எஞ்சிய பங்கு சாலையில் செல்லும் நம்முடையது. முன்வண்டிக்குப் பின்னால் சற்று விலகிச் செல்வதும், கடுகளவு வடுவைக் கடுகளவாக இருக்கும்போதே கவனிப்பதுமே அந்தப் பங்கு.